மரபணுவைத் தட்டி எழுப்பும் பாதரசமும் ஹார்மோனும்

காஹாங்கில் சனிக்கிழமை காலைகளில் நான் உயிரியல் டியூஷன் எடுக்கிறேன். எட்டு மாணவர்கள். எல்லாரும் குளுவாங்கில் ஆறாம் படிவம் படிப்பவர்கள். பாதிப் பேர் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து சேர்வார்கள். சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, மரபணுக்கள் எப்படி வேலை செய்கின்றன என்ற பாடத்தைத் தொடங்கினேன். ஒரு மாணவி மட்டும் முகக்கவசத்தைக் கழற்றவே இல்லை. காய்ச்சலா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். பக்கத்தில் இருந்த தோழிதான் போட்டுக் கொடுத்தாள்: "கிரீம் போட்டா டீச்சர். அக்கா கல்யாணத்துக்கு வெள்ளையாகணும்னு. இப்ப நிறுத்தினதும் முகம் எரியுதாம்."

பின்வரிசையில் இருந்த பையன் ஒருவன் சிரித்தான். "நிறம்லாம் ஜீன்ல எழுதி வெச்சது. ஒரு டப்பா கிரீமால அத மாத்த முடியுமா டீச்சர்?"

கேலியாகக் கேட்டாலும் அது சரியான கேள்வி. அன்று பாடத்திட்டத்தை மூடி வைத்துவிட்டு அந்தக் கேள்விக்கே இரண்டு மணி நேரம் பதில் சொன்னேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்த மாணவியின் டப்பாவில் என்ன இருந்தது என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. பாசார் மாலாமில் வாங்கியது. தயாரிப்பாளர் பெயர் இல்லை, உள்ளே என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற பட்டியலும் இல்லை. ஆனால் இப்படிப்பட்ட களிம்புகளில் என்ன சிக்குகிறது என்பது இரகசியமில்லை. பெட்டாலிங் ஜெயாவில் இயங்கும் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம், அதாவது என்.பி.ஆர்.ஏ., தடை செய்யப்பட்ட அழகு சாதனங்களின் பெயர்களை அவ்வப்போது வெளியிடுகிறது. அந்த அறிவிப்புகளில் நான்கு பெயர்கள் திரும்பத் திரும்ப வரும்: ஹைட்ரோகுவினோன், டிரெட்டினோயின், பாதரசம், பெட்டாமெத்தசோன். முதல் இரண்டையும் இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம். பாதரசம் ஒரு கன உலோகம். பள்ளியில் 'லோகாம் பெராட்' என்று படித்திருப்பீர்கள். பெட்டாமெத்தசோன், நம் உடலே சுரக்கும் ஒரு ஹார்மோனின் செயற்கை உறவுக்காரன். ஒன்று உலோகம், மற்றது ஹார்மோன். இரண்டும் நம் மரபணுக்களை நேராகவோ சுற்றி வளைத்தோ இயக்கக்கூடியவை. இரண்டுக்கும் பதில் சொல்லும் ஒரே மரபணு ஒன்று நம் எல்லாருடைய பதினாறாவது குரோமோசோமிலும் இருக்கிறது.

மரபணு என்றால் தலையெழுத்து என்று நினைத்துக்கொள்கிறோம். பிரம்மா எழுதினான், இனி அழிக்க முடியாது என்பது போல. எழுத்து மாறாது என்பது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் எழுதி வைத்ததையெல்லாம் உயிரணு எப்போதும் வாசித்துக்கொண்டிருப்பதில்லை. புரதம் செய்யும் மரபணுக்கள் நம்மிடம் ஏறக்குறைய 20,000 உண்டு. தோல் உயிரணுவிலும் கல்லீரல் உயிரணுவிலும் அதே 20,000தான். ஆனால் தோல் ஒரு பகுதியை வாசிக்கிறது, கல்லீரல் வேறொரு பகுதியை வாசிக்கிறது. எதை, எப்போது, எவ்வளவு வாசிப்பது என்பதைத் தீர்மானிக்கும் சுவிட்சுகள் பெரும்பாலும் மரபணுவுக்கு முன்னால் உள்ள டி.என்.ஏ. பகுதியில் இருக்கின்றன. அந்தச் சுவிட்சுகளைத்தான் உலோகமும் ஹார்மோனும் அழுத்துகின்றன.

நான் சொல்லும் மரபணுவின் கதை குதிரையின் சிறுநீரகத்தில் தொடங்குகிறது. 1957இல் மார்வின் மார்கோஷஸ், பெர்ட் வல்லி என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் குதிரைச் சிறுநீரகத்தின் வெளிப்பகுதியிலிருந்து ஒரு சிறிய புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். அதில் காட்மியம் ஒட்டிக்கொண்டிருந்தது. காட்மியம் உடலுக்கு நஞ்சு. அதை ஒரு புரதம் ஏன் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்? பிறகு அந்தப் புரதத்துக்கு மெட்டலோதயோனின் என்று பெயர் வைத்தார்கள். உலோகம், கந்தகம் என்ற இரண்டு பொருளும் அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது. மனிதனிடம் உள்ள இதன் முக்கிய வகை ஒன்றில் 61 அமினோ அமிலங்கள். அவற்றில் 20 சிஸ்டீன். மூன்றில் ஒன்று சிஸ்டீனாக இருப்பது புரத உலகில் அதிசயம். சிஸ்டீனின் நுனியில் கந்தகம் இருக்கிறது. கந்தகத்துக்குத் துத்தநாகம், காட்மியம், பாதரசம் என்றால் தனிப் பிரியம். இந்தச் சின்னப் புரதம் ஒன்று ஏழு துத்தநாக அணுக்களையோ ஏழு காட்மிய அணுக்களையோ பிடித்து வைத்துக்கொள்ளும்.

சாதாரண நாளில் உயிரணு இதைக் கொஞ்சமாகத்தான் செய்து வைத்திருக்கும். உடலுக்குத் தேவையான துத்தநாகத்தைச் சேமிக்க அது போதும். உலோகம் அதிகமாக உள்ளே வந்துவிட்டால் உற்பத்தி பல மடங்கு கூடுகிறது. சரி, உலோகம் வந்துவிட்டது என்று உயிரணுக் கருவுக்குள் இருக்கும் மரபணுவுக்கு யார் சொல்கிறார்கள்?

இதைத் தேடியவர்களில் முக்கியமானவர் மைக்கேல் கரின். 1980இல் அவர் தம் குழுவினருடன் சேர்ந்து ஒரு விஷயத்தைக் காட்டினார். ஹீலா உயிரணுக்களுக்குத் துத்தநாகம் கொடுத்தால் மெட்டலோதயோனினுக்கான ஆர்.என்.ஏ. கூடுகிறது. துத்தநாகம் கொடுக்காமல் டெக்சாமெத்தசோன் என்ற செயற்கை ஹார்மோனைக் கொடுத்தாலும் கூடுகிறது. ஹீலா என்பது ஹென்ரியேட்டா லாக்ஸ் என்ற கறுப்பினத் தாயின் புற்றுக்கட்டியிலிருந்து 1951இல் பால்டிமோர் மருத்துவமனையில் எடுக்கப்பட்ட உயிரணுக்கள். அவரிடம் அனுமதி கேட்கவில்லை. அந்த ஆண்டே அவர் இறந்துவிட்டார். உயிரணுக்கள் இன்றும் உலகமெங்கும் ஆய்வுக்கூடங்களில் பெருகிக்கொண்டிருக்கின்றன. இந்தத் துறையில் ஒரு முடிவைப் படிக்கும்போதெல்லாம் அந்தப் பெண்ணையும் நினைத்துக்கொள்வது என் வழக்கம்.

உலோகம் கொடுத்தாலும் எரிகிறது, ஹார்மோன் கொடுத்தாலும் எரிகிறது. அப்படியானால் விளக்குக்கு ஒரு சுவிட்சா, இரண்டா?

1982இல் கரினும் ராபர்ட் ரிச்சர்ட்ஸும் அந்த மனித மரபணுவின் எழுத்துகளை வாசித்து வெளியிட்டார்கள். சுவிட்சு எங்கே என்ற கேள்விக்கு 1984இல் பதில் வந்தது. ஜெர்மனியின் மார்பர்க் நகரில் இருந்த மிகேல் பியாத்தோவின் குழுவும் இதில் சேர்ந்துகொண்டது. அவர்கள் செய்த முறை எனக்கு மிகவும் பிடிக்கும், ஏனென்றால் அதைப் புரிந்துகொள்ள எந்தப் பட்டமும் தேவையில்லை. மரபணுவுக்கு முன்னால் இருக்கும் டி.என்.ஏ. துண்டை வெட்டி எடுத்து, உலோகத்துக்கும் ஹார்மோனுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாத வேறொரு மரபணுவின் முன்னால் ஒட்டினார்கள். அந்த மரபணுவும் காட்மியத்துக்கும் ஹார்மோனுக்கும் ஆடத் தொடங்கியது. ஆகவே சுவிட்சு அந்தத் துண்டில்தான் இருக்கிறது. அடுத்து, துண்டை ஒரு முனையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கிக்கொண்டே வந்தார்கள். ஓரளவு நறுக்கியதும் ஹார்மோனுக்குப் பதில் வருவது நின்றுவிட்டது. ஆனால் காட்மியத்துக்குப் பதில் தொடர்ந்து வந்தது! இன்னும் நறுக்கியபோது அதுவும் நின்றது.

அதாவது சுவிட்சு இரண்டு. ஹார்மோன் சுவிட்சு மரபணு தொடங்கும் இடத்திலிருந்து சுமார் 250 எழுத்துகள் தள்ளி இருக்கிறது. உலோகச் சுவிட்சு அதைவிடக் கிட்டத்தில் இருக்கிறது. மாடிப்படி விளக்குக்குக் கீழே ஒரு சுவிட்சும் மேலே ஒரு சுவிட்சும் இருப்பது போல. யார் வேண்டுமானாலும் அவரவர் இடத்திலிருந்து போட்டுக்கொள்ளலாம். ஒருவர் போடுவதற்கு மற்றவரின் உதவி தேவையில்லை.

சுவிட்சை அழுத்தும் விரல் யாருடையது? ஹார்மோன் பக்கம் கொஞ்சம் எளிது. நம் சிறுநீரகத்தின் தலைமேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி கார்ட்டிசோலைச் சுரக்கிறது. பரீட்சைக்கு முந்தின இரவு உங்களுக்குக் கூடுதலாகச் சுரப்பது இதுதான். கொழுப்பில் கரையும் பொருள் என்பதால் இது உயிரணுவின் சவ்வைச் சுலபமாகக் கடந்து உள்ளே போய்விடும். உள்ளே அதற்கென்று ஓர் ஏற்பிப் புரதம் காத்திருக்கிறது. ஹார்மோன் வந்து பொருந்தியதும் அந்த ஏற்பி உருவம் மாறி, கருவுக்குள் நுழைந்து, டி.என்.ஏ.வில் தனக்குரிய எழுத்துகளைத் தேடி உட்காருகிறது. அந்த எழுத்துகள் ஏ-ஜி-ஏ-ஏ-சி-ஏ, நடுவில் ஏதாவது மூன்று, பிறகு டி-ஜி-டி-டி-சி-டி. ஏ-க்கு எதிரே டி, ஜி-க்கு எதிரே சி என்ற விதி உங்களுக்குத் தெரியும். எதிர் இழையை எழுதி வலமிருந்து இடமாக வாசித்துப் பாருங்கள். அதே எழுத்துகள் வரும். நம் 'விகடகவி' மாதிரிதான். இரண்டு ஏற்பிகள் ஜோடியாக, ஆளுக்கொரு பாதியில் உட்கார்வதற்கு ஏற்ற ஆசனம் அது. டி.என்.ஏ.வில் இது சரியாக இப்படியே இருக்க வேண்டும் என்பதில்லை. ஓரிரு எழுத்து மாறியிருந்தாலும் ஏற்பி அனுசரித்துப் போகும்.

உலோகப் பக்கம்தான் சுவாரசியம். சுவிட்சர்லாந்தில் சூரிச் நகரில் வால்டர் ஷாஃப்னரின் ஆய்வுக்குழு, உலோகச் சுவிட்சில் போய் உட்காரும் புரதத்தை 1988இல் அடையாளம் கண்டது. அதற்கு எம்.டி.எஃப்-1 என்று பெயர். காட்மியம் வந்தால் எம்.டி.எஃப்-1 வேலை செய்கிறது; எனவே காட்மியம் நேராக எம்.டி.எஃப்-1ஐத் தொட்டு எழுப்புகிறது என்றுதானே நினைப்போம்? நடப்பது அதுவல்ல. எம்.டி.எஃப்-1க்குத் தெரிந்த ஒரே உலோகம் துத்தநாகம்.

குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகும் பஸ்ஸைக் கற்பனை செய்யுங்கள். இருக்கைகளில் துத்தநாகப் பயணிகள் அமைதியாக உட்கார்ந்திருக்கிறார்கள். காஹாங்கில் காட்மியமோ பாதரசமோ ஏறுகிறது. கந்தக இருக்கையின் மீது அவர்களுக்கு உரிமை அதிகம், அதாவது கந்தகத்தோடு துத்தநாகத்தைவிட உறுதியாகப் பிணையக்கூடியவர்கள். உட்கார்ந்திருப்பவரைத் தள்ளிவிட்டு அமர்ந்துகொள்கிறார்கள். இடம் போன துத்தநாகப் பயணிகள் நேரே எம்.டி.எஃப்-1 என்ற மேலாளரிடம் போய் முறையிடுகிறார்கள். மேலாளர் அடுத்த பஸ்ஸை எடுத்துவிடச் சொல்கிறார். அடுத்த பஸ் என்பது புதிய மெட்டலோதயோனின். வந்த ரௌடியை மேலாளர் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. தள்ளிவிடப்பட்டவர்களின் கூட்டத்தைப் பார்த்தே நிலைமையைப் புரிந்துகொள்கிறார். ஒவ்வொரு நஞ்சுக்கும் தனித்தனிக் காவலாளி வைக்காமல், துத்தநாகக் கணக்கு ஒன்றை மட்டும் பார்த்து எல்லா உலோகங்களையும் கண்டுபிடிக்கிற சிக்கன ஏற்பாடு இது.

இந்தக் காவல் எவ்வளவு முக்கியம் என்று எலிகளில் பார்த்திருக்கிறார்கள். எம்.டி.எஃப்-1 இல்லாத எலிக்குட்டி கல்லீரல் சிதைந்து கருவிலேயே இறந்துவிடுகிறது. மெட்டலோதயோனினின் இரண்டு முக்கிய வகைகள் இல்லாத எலி பிறக்கிறது, நன்றாகவே வளர்கிறது. ஆனால் மற்ற எலிகள் தாங்கிக்கொள்ளும் காட்மியத்தை அதனால் தாங்க முடிவதில்லை.

சுவிட்சு வேறு, விளக்கு வேறு என்பதற்கு ஒரு வேடிக்கையான சாட்சியும் உண்டு. 1982இல் ரிச்சர்ட் பால்மிட்டர், ரால்ஃப் பிரின்ஸ்டர் குழுவினர் எலி மெட்டலோதயோனினின் சுவிட்சை மட்டும் எடுத்து, வளர்ச்சி ஹார்மோன் மரபணுவின் முன்னால் ஒட்டி, கருவுற்ற சுண்டெலி முட்டைக்குள் செலுத்தினார்கள். பிறந்த குட்டிகளில் சில, உடன்பிறந்தவற்றைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு எடைக்கு வளர்ந்தன. பெரிய எலியும் சின்ன எலியும் அருகருகே நிற்கும் அந்தப் படத்தை உங்கள் பாடநூல் எதிலாவது பார்த்திருக்கலாம்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு வகுப்பில் ஒருத்தி, "அப்படின்னா பயமே இல்ல டீச்சர், உடம்பே பார்த்துக்கும்" என்றாள். அங்கேதான் சிக்கல்.

மெட்டலோதயோனின் உலோகத்தைக் கட்டிப்போடுகிறது, அழிப்பதில்லை. உலோகம் ஓர் அணு, அதை எந்தப் புரதத்தாலும் அழிக்க முடியாது. காட்மியம் இப்படிக் கட்டுண்ட நிலையில் சிறுநீரகத்தில் போய்ச் சேர்ந்து அங்கேயே தங்குகிறது. சேர்ந்ததில் பாதி வெளியேறவே 10 முதல் 30 ஆண்டுகள் ஆகும். கிடங்கு நிரம்பிவிட்டால் சிறுநீரகம் பழுதாகத் தொடங்கும். ஜப்பானில் தோயாமா மாநிலத்தின் ஜின்சு ஆற்றங்கரையில் நடந்தது இதுதான். மேலே கமியோகா சுரங்கத்திலிருந்து வந்த காட்மியம் ஆற்றில் கலந்தது. ஆற்று நீர் வயலுக்குப் போனது. வயலின் அரிசியை மக்கள் பல ஆண்டுகள் சாப்பிட்டார்கள். சிறுநீரகம் கெட்டு, எலும்பு மென்மையாகி, தும்மினாலே முறியும் நிலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் பிள்ளை பெற்ற, வயதான பெண்கள். 'வலிக்குது, வலிக்குது' என்று பொருள்படும் 'இத்தாய் இத்தாய்' என்பதே நோயின் பெயராயிற்று. 1968இல் ஜப்பான் அரசு இதைச் சுற்றுச்சூழல் மாசினால் வந்த நோய் என்று ஏற்றுக்கொண்டது.

காஹாங் பிள்ளைகளிடம் காட்மியம் என்றதும் உர மூட்டை ஞாபகம் வந்துவிட்டது. பாஸ்பேட் பாறையில் காட்மியம் இருக்கும் என்பது உண்மை. எவ்வளவு என்பது பாறை எந்த நாட்டிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது. "அப்பா உரம் போடுறாரு டீச்சர்" என்று ஒரு பையன் கவலைப்பட்டான். அப்பா சிகரெட் பிடிப்பாரா என்று கேட்டேன். பிடிப்பார். புகையிலைச் செடி மண்ணிலிருந்து காட்மியத்தை இலையில் சேர்த்துக்கொள்வதில் கெட்டிக்காரச் செடி. புகைப்பவர் உடலில் புகைக்காதவரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு காட்மியம் இருக்கும். உர மூட்டையைக் கையாளும்போது கையுறை போடச் சொல். அதற்கு முன் பாக்கெட்டில் இருப்பதைப் பற்றிப் பேசு என்றேன்.

இப்போது களிம்பு டப்பாவுக்கு வருவோம்.

பாதரசம் தோலை வெளுக்க வைப்பது எப்படி? நிறமியான மெலனினைச் செய்யும் நொதியை அது முடக்குகிறது. பையன் கேட்ட கேள்விக்கு இதுவே பாதிப் பதில்: நிறத்துக்கான எழுத்து மாறவில்லை, எழுத்தின்படி நடக்க வேண்டிய வேலை தடுக்கப்படுகிறது. களிம்பை நிறுத்தினால் வேலை மறுபடி நடக்கும், நிறம் திரும்பிவிடும். ஆனால் தோல் வழியாக உள்ளே போன பாதரசம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்துக்குப் போகிறது. அங்கே துத்தநாகப் பயணிகளைத் தள்ளிவிட்டு மெட்டலோதயோனின் மரபணுவைத் தட்டி எழுப்புகிறது. முகத்தில் தடவிய ஒன்றுக்காகச் சிறுநீரகத்தின் உயிரணு இரவு பகலாகப் புரதம் செய்துகொண்டிருக்கும். கண்ணாடி முன் நிற்பவருக்கு இது தெரியாது.

காவல் தோற்கும் இடங்களும் உண்டு. கேரளத்தில் கோட்டக்கல் நகரின் ஒரு மருத்துவமனையில், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை வந்த சிறுநீரக நோயாளிகளை மருத்துவர்கள் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். சிறுநீரக வடிகட்டியின் சவ்வு தடித்துப்போகும் ஒருவகை நோய் 22 பேருக்கு. அவர்களில் 15 பேரிடம் நெல்-1 என்ற புரதத்தோடு தொடர்புடைய அபூர்வ வகை. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகுக் களிம்பு பூசியவர்கள். இது மெட்டலோதயோனினைத் தாண்டிய கதை. உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பே வடிகட்டியைத் தாக்கும் நோய் இது. புரதம் சிறுநீரில் ஒழுகும். சிறுநீர் நுரைக்கும், கால் வீங்கும். களிம்பை நிறுத்தியபின் பெரும்பாலோர் தேறினார்கள் என்பது ஆறுதல்.

இன்னொன்று: பாதரசம் டப்பாவோடு நிற்பதில்லை. பூசியவரின் துண்டு, தலையணை உறை, கை வழியாகவும், ஆவியாகவும் வீட்டில் மற்றவர்களிடமும் போகும். களிம்பே பூசாத குழந்தைகளின் உடலில் பாதரசம் கண்டுபிடிக்கப்பட்ட வீடுகள் உண்டு.

பெட்டாமெத்தசோன் வேறு வழியில் ஏமாற்றும். கரின் ஹீலா உயிரணுவுக்குக் கொடுத்த டெக்சாமெத்தசோனுக்கும் இதற்கும் வேதியியலில் ஒரே ஒரு வித்தியாசம்தான்: ஒரு மீதைல் தொகுதி ஒன்றில் கீழ்நோக்கியும் மற்றதில் மேல்நோக்கியும் இருக்கிறது. இரண்டும் அதே ஏற்பியில் போய்ப் பொருந்தும். தோலுக்குள் ஏற்பி விழித்துக்கொண்டு மெட்டலோதயோனின் முதலிய பல மரபணுக்களைப் போடுகிறது; வேறு பலவற்றை அணைக்கிறது. அழற்சிக்கான மரபணுக்கள் அணைவதால் பரு அடங்கும், சிவப்பு மறையும், இரத்தக் குழாய் சுருங்கி முகம் வெளுத்துத் தெரியும். 'ஒரே வாரத்தில் பலன்' என்று விளம்பரம் செய்ய இது போதும். ஆனால் கொலாஜன் செய்யும் மரபணுக்களும் கூடவே அடங்குகின்றன. மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, இரத்தக் குழாய் வெளியே தெரியும். திடீரென்று நிறுத்தினால் அடக்கி வைத்த அழற்சி எல்லாம் ஒரேயடியாகக் கிளம்பும். முகம் சிவந்து எரியும். உடனே மறுபடி பூசத் தோன்றும், பூசினால் அடங்கும். களிம்பு நல்லது, நிறுத்தியதுதான் தப்பு என்று நம்ப வைக்கும் வலை இது.

மருத்துவர் எழுதிக் கொடுத்து, அவர் சொன்ன நாள் கணக்குப்படி பூசும்போது பெட்டாமெத்தசோன் நல்ல மருந்து. எக்ஸிமாவில் துடிக்கும் குழந்தையைக் கேட்டால் தெரியும். பெயரை மறைத்து டப்பாவில் கலப்பதுதான் குற்றம்.

இதே மறைப்பு நம் தாத்தா பாட்டிகளிடம் இன்னொரு உருவத்தில் வருகிறது. மூட்டுவலிக்கு என்று விற்கும் பதிவு பெறாத ஜாமு மாத்திரைகளில் டெக்சாமெத்தசோன் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. சாப்பிட்ட மறுநாளே பாட்டி எழுந்து நடப்பார்; ஊரே அந்த மாத்திரையைப் புகழும். சில மாதத்தில் முகம் நிலா போல உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும். வெளியிலிருந்து ஹார்மோன் கொட்டுவதால் அட்ரினல் சுரப்பி தன் வேலையை நிறுத்திவிட்டுத் தூங்கிவிடும். அந்த நிலையில் மாத்திரையைச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. சுரப்பி விழிக்கும்வரை உடலில் கார்ட்டிசோல் இல்லாமல் இரத்த அழுத்தம் சரிந்து விழுந்துவிடுவார்கள். ஆகவே வீட்டில் யாராவது இப்படிச் சாப்பிடுவது தெரிந்தால் மாத்திரையைப் பிடுங்கி எறியாதீர்கள். பொட்டலத்தோடு கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள்.

சோதித்துப் பார்க்கச் சில வழிகள் உண்டு. மலேசியாவில் விற்கும் அழகு சாதனத்துக்கு 'என்.ஓ.டி.' என்று தொடங்கும் அறிவிப்பு எண்ணும், மருந்துக்கும் ஜாமுவுக்கும் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை என்.பி.ஆர்.ஏ.வின் இணையத்தளத்தில் தேடினால் பெயர் வரவேண்டும், பெயரும் டப்பாவும் பொருந்த வேண்டும். எண் அச்சிட்டிருப்பது மட்டும் போதாது. எண்ணையும் திருடி அச்சிடுவார்கள். தடை செய்யப்பட்ட பொருள்களின் அறிவிப்பும் அங்கேயே கிடைக்கும். ஒரு டப்பாவில் எண்ணும் இல்லை, உட்பொருள் பட்டியலும் இல்லை என்றால் தேடவே வேண்டாம்.

அந்த மாணவியோடு மறுவாரம் சுகாதாரக் கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எத்தனை மாதம் பூசினாய், சிறுநீரில் நுரை உண்டா, கால் வீங்கியதா என்று கேட்டார். சிறுநீரைச் சோதித்தார், புரதம் இல்லை. முகம் ஆற நாளாகும், கண்ணாடியைக் கொஞ்ச நாள் மறந்துவிடு என்று சொல்லி அனுப்பினார். அவள் சிரித்தாள். முகக்கவசம் இல்லாமல் நான் அவளைப் பார்த்தது அன்றுதான்.

திரும்பி வரும் வழியில் காரில் நெடுநேரம் பேசாமல் வந்தாள். செம்பனை மரங்கள் முடிந்து கடைத்தெரு தெரிய ஆரம்பித்தபோதுதான் சொன்னாள்.

"அம்மாவும் அதைத்தான் போடறாங்க டீச்சர். மூணு வருஷமா."

அம்மாவுக்குத் தோட்டத்தில் வேலை. லீவு எடுத்தால் அன்றைய சம்பளம் போகும். வீட்டில் ஐந்து வயதுத் தம்பி வேறு இருக்கிறான், அம்மா பக்கத்தில்தான் படுக்கிறான். வண்டியை ஓரமாக நிறுத்தி, டாக்டர் கேட்ட அதே மூன்று கேள்விகளை ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தேன். அம்மாவுக்கு எத்தனை மாதம் என்ற இடத்தில் அவளே 36 என்று போட்டுக்கொண்டாள். நுரை உண்டா என்ற கேள்விக்கு எதிரே பேனாவை வைத்தவள், எழுதாமல் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.